முதல் தண்ணீர்

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் ஒரு ஊர் வரும். அங்கே போய்ப் பூர்ணிமா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். பஞ்சநதம் வீட்டு மருமகள் என்று சொன்னால் சின்னக் குழந்தைகூட வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். கல்யாணமாகிக் கால் நூற்றாண்டு ஆனபிறகும் நிலைமை அதுதான். அதற்காக அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவளிடம் இருக்கிற தெம்பு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

அவள் அம்மாபேட்டைப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். சீரில் கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு வாஷிங் மெஷினும் வந்தது. அந்தத் தெருவுக்கு வந்த முதல் மெஷின் அதுதான் என்பதால், பெண்ணைப் பார்க்க வந்தவர்களைவிட மெஷினைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். வெள்ளை உடம்பு, நீல மூடி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்று துவைக்கும், இன்னொன்று பிழியும். கடைக்காரர் அதைச் செமி ஆட்டோமேட்டிக் என்றார். செமி என்றால் பாதி. பாதி வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார். மீதிப் பாதியை யார் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் கூடவே ஒரு பெண் வருகிறாளே.

காலைச் சமையல் முடிந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, கொல்லைக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகித் தொட்டியை நிரப்புவாள். சோப்புத்தூளைப் போட்டுக் குமிழைத் திருகினால் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றிவிட்டு நிற்கும். நின்றதும் துணியை அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் திணித்து, மேலே பிளாஸ்டிக் தட்டை அமுக்கி, மூடியைச் சாத்தவேண்டும். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் போச்சு. மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே இடத்தைவிட்டு நகர ஆரம்பிக்கும். பூர்ணிமா இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்பாள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, மறுபடியும் பிழிந்து, கொடியில் போடவேண்டும். இத்தனையும் ஒரு ஈடு துணிக்கு. சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது, அடுத்த ஈடும் அதே தண்ணீரில்தான். தண்ணீரும் மிச்சம், சோப்பும் மிச்சம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் பஞ்சநதம் வீட்டில் அந்த ஈடுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் தண்ணீர் மாமனாருக்கு. அவருடைய வேட்டி, துண்டு. அடுத்தது புருஷன் ராஜராஜனுடைய வெள்ளைச் சட்டை, வேட்டி. அப்புறம் அவனுடைய கலர் சட்டைகள். அதற்கும் அப்புறம் அவன் வயலுக்குக் கட்டிக்கொண்டு போகிற லுங்கி. நாற்றங்கால் சேறும் டிராக்டர் எண்ணெயும் ஏறிய அந்த லுங்கியைப் போட்டு எடுத்தால் தொட்டித் தண்ணீர் வயல் தண்ணீராகவே ஆகிவிடும். அந்தத் தண்ணீரில்தான் பூர்ணிமாவின் புடவையும் பாவாடையும் நனையவேண்டும்.

கொஞ்சம் யோசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் கேட்பார்கள், சேற்று லுங்கிக்கு முன்னால் புடவையைப் போட்டால் என்ன? கல்யாணமான புதிதில் பூர்ணிமாவும் கேட்டாள். மாமியார் நாகம்மாள் அப்போது உயிரோடு இருந்தார்.

"பொம்பள துணி நனைஞ்ச தண்ணியில ஆம்பள துணி நனையலாமா ஆயி? சேறு கெடக்கு, அலசுனா போயிடும்."

அப்படியானால் நம்முடையது அலசினாலும் போகாதா என்று பூர்ணிமா கேட்கவில்லை. புதுப்பெண். நாகம்மாளுடைய புடவையும் அதே கடைசித் தண்ணீரில்தான் நனைந்தது. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்தபிறகும் வரிசை மாறவில்லை. மாற்று என்று சொல்ல ஆள் இல்லை.

பஞ்சநதம் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. கும்பகோணம் போனால் மருமகளுக்கென்று தனியாக ஒரு முழம் கதம்பம் வாங்கிவருவார். அவள் சாப்பிட்டாளா என்று விசாரிப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. ஊர்க் காளியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. பரிவட்டம் அவர் தலையில் கட்டியபிறகுதான் அம்மன் புறப்படுவாள். கோயிலில் முதல் மரியாதை, வீட்டில் முதல் தண்ணீர். இரண்டுமே தனக்குத் தானாக வந்தவை என்றுதான் அவர் நினைத்திருந்தார். தண்ணீரைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்தாரா என்பதே சந்தேகம்தான். முதலில் குளிக்கிறவருக்குப் பின்னால் குளிக்கிறவர்களைப் பற்றி என்ன தெரியும்?

மகள் வானதி பெரியவளானதும் அவள் துணியும் கடைசித் தண்ணீருக்குத் தள்ளப்பட்டது. பூர்ணிமாவுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைத்து, கையால் கசக்கி, நீலம் போட்டு உலர்த்தினாள். வானதி எப்போதும் பளிச்சென்று போய்வந்தாள். அதனால் அந்தப் பெண்ணுக்கு இந்த வரிசை விஷயமே தெரியாமல் போனது.

பூர்ணிமாவுடைய புடவைகள் மட்டும் எந்த நிறத்தில் வந்தாலும் ஒரு வருஷத்துக்குள் மண் நிறத்துக்கு வந்துவிடும். அதனால் அவளே காப்பிக்கொட்டை நிறம், கரும்பச்சை என்று எடுக்க ஆரம்பித்தாள். வீட்டில் எல்லாரும், அவளுக்கு அடர்ந்த நிறம்தான் பிடிக்கும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, யார் எடுத்துக் கொடுத்தாலும் அதே நிறங்கள்தான். உனக்கு உண்மையில் பிடித்த நிறம் எது என்று இப்போது கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்ல வராது.

வானதி படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அம்மாவுக்கு ஒரு புது வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பியதுதான். முழு ஆட்டோமேட்டிக். கதவு முன்பக்கத்தில், வட்டமாக, கண்ணாடி போட்டு இருந்தது.

"அம்மா, இனிமே நீ அது பக்கத்துலயே நிக்க வேணாம். எல்லாத்தையும் உள்ள போட்டு பட்டன அமுக்கிட்டுப் போய்ப் படு" என்றாள் போனில்.

போய்ப் படு என்ற வார்த்தையை அந்த வீட்டில் பூர்ணிமாவிடம் யாரும் பகலில் சொன்னதில்லை. அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தை அவள் காதிலேயே இருந்தது.

பழைய மெஷினைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள் என்று ராஜராஜன் கடைக்காரனிடம் பேசிவைத்திருந்தான். அவளைக் கேட்கவில்லை. கடை ஆட்கள் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, அடியில் துருப்பிடித்த இடத்தில் தகடு பெயர்ந்து கொல்லையில் விழுந்தது. அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குப் பெரிய துக்கமில்லை. அதனோடு பட்ட பாடு போதும் என்றுதான் இருந்தது.

மெஷினைப் பொருத்த வந்த ஆள் குழாயை மாட்டிவிட்டு விளக்கம் சொன்னான்.

"வெள்ளை தனி, கலர் தனிங்க. அவ்வளவுதான் கணக்கு. தண்ணிய அதுவே புடிச்சுக்கும், அதுவே வெளிய விட்டுடும். சோப்புத் தண்ணி போனதும் புதுத் தண்ணி புடிச்சு அலசும்."

"அடுத்த ஈடு போட்டா?"

"அதுக்கும் புதுசுதாங்க. பழைய தண்ணி உள்ள நிக்கவே நிக்காது."

பூர்ணிமா அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்படியானால் இந்த மெஷினில் கடைசித் தண்ணீர் என்பதே கிடையாது. யார் துணி போட்டாலும் நல்ல தண்ணீர்தான். ஒரு மெஷினுக்காக யாராவது அழுவார்களா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆளுக்குக் காப்பி போடப் போனாள்.

மறுநாள், வெள்ளை தனி என்று அவன் சொன்னபடியே, மாமனார் வேட்டி, புருஷன் சட்டை, தன்னுடைய வெள்ளைப் பாவாடை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு பட்டனை அமுக்கினாள். படுக்கப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பேத்தி வாங்கி அனுப்பிய மெஷின் ஓடுகிறதே என்று பஞ்சநதமும் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டாள். பழைய மெஷினில் என்ன நடந்தாலும் மூடிக்குள் நடக்கும். இது கண்ணாடிக் கதவு. அவருடைய வேட்டி புரண்டு புரண்டு விழுந்தது. கூடவே பாவாடையும் விழுந்தது. பாவாடை நாடா வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. கிழவர் அதைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பம்புசெட்டுக்குப் போனார். எண்பது வயதுக் கிழவர் வெயிலில் குனிந்து வேட்டி துவைப்பதை, களத்தில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஷோபனா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னக்கா, மாமா பம்புசெட்டுல தொவைக்கிறாரு? ஒனக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

விசாரிப்பது மாதிரித்தான் கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

ராஜராஜன் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"இந்த வயசுல அப்பாவத் தொவைக்க விட்டுட்டியே."

"நான் தொவைச்சுத்தாங்க காயப்போட்டேன்."

"ஒன் பாவாடையோட போட்டா அவரு எப்படிக் கட்டுவாரு? கோயில் மரியாதை வாங்குற மனுஷன்."

"வெள்ளையெல்லாம் ஒண்ணாப் போடலாம்னு அந்த ஆளு சொன்னாருங்க."

"அவனுக்கு என்ன தெரியும் நம்ம வீட்டு வழக்கம்? விடு. ஒன்னோடது என்ன, நாலு துணி. கையால அலசிக்கயேன்."

"தனியா ஒரு தடவை மெஷின்ல போட்டுக்கறேங்களே."

"நாலு துணிக்கா? மேல்தொட்டித் தண்ணி பூரா போயிடும். ஒரு லோடு சேரட்டும், அப்பறம் போடு."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மெஷின் நிறையும் அளவுக்குப் பூர்ணிமாவிடம் கட்டுகிற துணி கிடையாது. ஒரு லோடு சேருகிற வரை காத்திருந்தால் அவள் கட்டிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. இதைப் புருஷனிடம் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். அவன் ரசத்துக்குச் சாதம் கேட்டான். போட்டாள். பேச்சு அதோடு நின்றது.

ஆக, அம்மாவுக்காக மகள் வாங்கிய மெஷினில் அம்மா துணியைத் தவிர எல்லாருடைய துணியும் துவைபட்டது. பூர்ணிமா பட்டனை அமுக்கிவிட்டுக் கொல்லைக் கல்லுக்குப் போய்த் தன் புடவையை அடித்துத் துவைத்தாள். முன்பாவது கலங்கல் தண்ணீரானாலும் மெஷின் கசக்கிப் பிழிந்து கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை. உள்ளே மெஷின் ஒரு ராகம் பாடிக்கொண்டு துவைக்கும், வெளியே இவள் மூச்சு வாங்கத் துவைப்பாள். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிப்பார்கள்.

"மெஷின் நல்லா ஓடுதாம்மா?" என்று வானதி வாராவாரம் கேட்பாள்.

"ஓடுது."

"படுக்கறியா?"

"படுக்கறேன், படுக்கறேன்."

பொங்கலுக்கு வானதி வந்தாள். பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்குப் போனவள், அம்மா குனிந்து புடவையை அடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, என்ன பண்றே நீ?"

பூர்ணிமாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மெதுவாகச் சொன்னாள். முதல் தண்ணீர், கடைசித் தண்ணீர், லுங்கி, எல்லாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் வானதி கூடத்துக்குப் போய்விட்டாள். அப்பாவைக் கேட்டாள், தாத்தாவைக் கேட்டாள். குரல் தெருவுக்குக் கேட்டது. ராஜராஜன், பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினான். பஞ்சநதம் மட்டும் தணிந்த குரலில், "ஒனக்குப் புரியாது தாயி, இது எனக்காக வெச்சது இல்ல, கோயிலுக்காக" என்றார்.

"அம்மன் பொம்பளதானே தாத்தா? அவளுக்கு எந்தத் தண்ணி?"

ராஜராஜன் எழுந்தான். பூர்ணிமா ஈரக்கையோடு ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"விடு வானதி."

"நீ சும்மா இரும்மா, இத்தன வருஷம் சும்மா இருந்ததுதான்..."

"விடுங்கறேன்ல. ரெண்டு நாள் இருக்க வந்திருக்கே. சண்ட போட்டுட்டு நீ பஸ் ஏறிப் போயிடுவே. நான்தான் இங்க இருக்கணும். எனக்குத் தெம்பு இல்லடி."

மகள் அழுதாள். "நான் ஒனக்குத்தாம்மா வாங்குனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது பூர்ணிமாவுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் இத்தனை நாள் போனில் பொய் சொன்னாள்.

மாசி மாதம் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. முதலில் எண்ணெய் தடவினாள். அப்புறம் துணியைச் சுற்றிக் கட்டினாள். கரண்டி பிடிக்கவே முடியாமல் போனபிறகு பாபநாசத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். தஹ்மீனா என்று சின்ன வயதுப் பெண். கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"துணி பிழியவே கூடாதும்மா. வீட்ல வாஷிங் மெஷின் இல்லையா?"

"இருக்குங்க."

"அப்பறம் ஏன் கையால தொவைக்கிறீங்க?"

பூர்ணிமா சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு என்ன புரிந்ததோ, மேலே கேட்காமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் சொன்னபிறகு ராஜராஜனும் இறங்கிவந்தான். அவனும் மனுஷன்தானே. "சரி, ஒன்னோடத மெஷினுலயே தனியாப் போட்டுக்க. எல்லாம் தொவைச்சு முடிச்சபெறவு, கடைசியாப் போடு" என்றான். பெரிய வரம் கொடுத்த மாதிரி இருந்தது அவன் முகம்.

மறுபடியும் கடைசி. அந்தக் கடைசி வருவதே இல்லை என்பதுதான் விஷயம். கிழவர் துணி ஒரு தடவை, புருஷன் துணி ஒரு தடவை, லுங்கி ஒரு தடவை ஓடி முடிவதற்குள் பகல் போய்விடும். சில நாள் மேல்தொட்டி காலியாகிவிடும். சில நாள் கரண்ட் போய்விடும். கோடையில் பம்புசெட்டுக்கே கரண்ட் போதாது என்று ராஜராஜன் அதை வயலுக்குத் திருப்பிவிடுவான். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் துணி மூலைக் கூடையில் சேர்ந்துகொண்டே போனது. கூடை நிரம்பி வழிந்தது. கல்லில் அடிக்கக் கை இல்லை.

அப்படியே வைகாசி வந்தது. காளியம்மன் புறப்பாட்டன்று காலையில் பூர்ணிமா குளித்துவிட்டு வந்து பார்த்தால், பீரோவில் வீட்டுக்குக் கட்டுகிற புடவை ஒன்றுகூட இல்லை. உடம்பில் இருந்ததுதான் கடைசி. அவள் அதிகம் யோசித்ததாகச் சொல்ல முடியாது. கோபம்கூட இல்லை. அலுத்துப்போன மனுஷி என்ன செய்வாளோ அதைச் செய்தாள். கூடையை இழுத்துக்கொண்டு போய், அத்தனையையும் மெஷினுக்குள் அள்ளிப் போட்டாள். மெஷின் ஏறக்குறைய நிறைந்தது. ஒரு வழியாக லோடு சேர்ந்துவிட்டது. கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கினாள்.

தண்ணீர் பிடித்துச் சுற்ற ஆரம்பித்த நேரத்தில் ராஜராஜன் வேட்டியோடு வந்தான். கிழவர் பரிவட்டம் வாங்கும்போது கட்டுகிற மயில்கண் வேட்டி. பெட்டியில் இருக்கும், திருவிழாவன்று எடுத்து அன்றே நனைத்து அன்றே கட்டவேண்டும்.

"இத மொதல்ல போடு. சாயங்காலத்துக்குள்ள காயணும்."

"ஓடிக்கிட்டு இருக்குங்க."

"என்ன ஓடுது?"

"என்னோடது."

அவனுக்குச் சரியாகக் காதில் விழாத மாதிரி இருந்தது. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். கரும்பச்சையும் காப்பிக்கொட்டை நிறமுமாகப் புரண்டுகொண்டிருந்தன.

"இன்னிக்கா போட்ட இத? எடு வெளிய."

"எடுக்க முடியாதுங்க. கதவு பூட்டிக்கிச்சு."

பழைய மெஷினாக இருந்தால் பிரச்சினையே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் மூடியைத் தூக்கலாம். அவள் புடவை பாதியில் ஊறிக்கொண்டிருக்கும்போது ஓர் அவசரச் சட்டையோடு வந்து, இதை எடுத்துவிட்டு அதைப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். அவளும் எத்தனை தடவை எடுத்திருப்பாள். ராஜராஜன் பட்டனை அமுக்கினான். சுற்றுவது நின்றது. கதவை இழுத்தான், வரவில்லை. உள்ளே தண்ணீர் நிற்கிற வரை அது திறக்காது. இன்னும் பலமாக இழுத்தான். மெஷின்தான் ஆடியது. எரிச்சலில் பட்டனை மறுபடி அமுக்கினான், அது விட்ட இடத்திலிருந்து சாவகாசமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"சனியன். சரி, கல்லுல போட்டு அலசிடு."

"கை வரலைங்க." பட்டி கட்டிய கையைக் காட்டினாள். "நீங்க அலசிடுங்க."

"நானா?"

"ஆமா. ஒரு வேட்டிதானே."

சண்டைக்குச் சொல்லவில்லை. அவள் குரலில் சண்டைக்கு வேண்டிய எதுவும் இல்லை. கோயிலில் மேளம் கேட்டது. பந்தல்காரன் போனில் கூப்பிட்டான். சத்தத்தைக் கேட்டு வந்த அப்பாவின் கையில் வேட்டியைக் கொடுத்துவிட்டு, "வந்துடறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

பஞ்சநதம் வேட்டியோடு நின்றார். பம்புசெட்டுக்குப் போகலாம். ஆனால் இன்றைக்கு ஊர் முழுக்க அந்த வழியாகத்தான் பால்குடம் எடுத்துக்கொண்டு வரும். முதல் மரியாதைக்காரர், திருவிழாவன்று, அத்தனை பேருக்கு முன்னால் குனிந்து துவைப்பதா?

"எப்ப முடியும் ஆயி?" என்றார்.

"அதுலயே நேரம் ஓடுது பாருங்க மாமா. முடிஞ்சாத்தான் கதவு திறக்கும். திறந்ததும் உங்களோடது போடலாம்."

"உள்ள சுத்துறது..."

"என் துணி மாமா. எல்லாம் என் துணிதான்."

கிழவர் தலையசைத்தார். பூர்ணிமா அவருக்கு நாற்காலியைக் கொண்டுவந்து மெஷினுக்கு எதிரில் போட்டாள். பிறகு கூடத்துக்குப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே வெறும் தரையில் படுத்தாள். அடுப்பில் சாம்பார் பாதியில் இருந்தது. விருந்தாளிகள் வருவார்கள். வரட்டும் என்றிருந்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. அவள் கை வலிக்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கிழவரின் குரல் கேட்டது.

"ஆயி, அழுக்குத் தண்ணியெல்லாம் போயிடுச்சு. மறுபடியும் புடிக்குது."

"ம்."

"நல்ல தெளிஞ்ச தண்ணியா இருக்கே. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

பதில் வரவில்லை. பஞ்சநதம் எழுந்து எட்டிப்பார்த்தார். மருமகள் வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததில்லை. எழுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எழுப்பினாலும் கதவு திறக்கப் போவதில்லை. திரும்பி வந்து, மயில்கண் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் துணி துவைத்து முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.